புது சப்ளிமெண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்: விளையாடும் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

என் மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். வயது 17. போன வருடம் தேசிய ஜூனியர் போட்டிக்கு இரண்டு மாதம் இருந்தபோது, அவள் போகும் ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர் ஒரு சின்ன டப்பாவைக் கையில் கொடுத்து, "ரெகவரிக்கு நல்லதும்மா, ராத்திரி ஒண்ணு போடு" என்று சொல்லி அனுப்பினார். அவர் கெட்ட எண்ணத்தில் கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று இரவு மாத்திரையைப் போடுவதற்கு முன் மகள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாள். நான்காவது வரியில் "டிஹெச்இஏ 25 மி.கி." என்று இருந்தது. என்னவென்று தேடினோம். அது ஹார்மோன். ஊக்கமருந்துப் பட்டியலில் முதல் பிரிவிலேயே இருக்கிறது. பிடிபட்டால் நான்கு வருடத் தடை வரை போகலாம்.

மறுநாளிலிருந்து மூன்று வாரம் அலைந்தேன். "மூலிகை கலந்ததுதான், ஒன்றும் ஆகாது" என்றார் ஒருவர். "டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கிறதென்றால் பயமில்லை" என்றார் மருந்துக் கடைக்காரர். விற்ற கடையில் கேட்டால், "உணவுப் பாதுகாப்பு உரிம எண் போட்டிருக்கே மேடம்" என்றார்கள். மூன்றுமே தவறான பதில்கள். சரியான பதிலைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காகவே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யார் கொடுத்தார்கள், தெரிந்து சாப்பிட்டாரா, தெரியாமலா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி. சிறுநீரில் பொருள் இருந்தால் குற்றம் பதிவாகிவிடும். பொறுப்பு விளையாடுகிறவருடையது.

1. வீட்டில் உள்ள எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வையுங்கள்

ஒரு மாலை நேரம் போதும், செலவு இல்லை. புரோட்டீன் பவுடர் மட்டுமல்ல, வாய்க்குள் போகும் எல்லாமே மேஜைக்கு வர வேண்டும். இருமல் சிரப், வலி மாத்திரை, லேகியம், சத்து டானிக், முகப்பரு மாத்திரை, மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை, ஹாஸ்டல் தோழி கொடுத்த "பிரீ-ஒர்க்அவுட்" பாக்கெட் எல்லாம். ஜிம் பையையும் ஹாஸ்டல் அலமாரியையும் மறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பதினான்கு பொருள் சேர்ந்தது. நான் ஐந்துதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒவ்வொன்றின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண், காலாவதித் தேதி நான்கையும் போட்டோ எடுங்கள். பின்னால் இது மிகவும் தேவைப்படும்.

2. லேபிளை வரிவரியாகப் படியுங்கள்

முன்பக்கத்தை நம்ப வேண்டாம். "டெஸ்டோ பூஸ்டர்", "அனபாலிக்", "ஹார்மோன் சப்போர்ட்", "ஜிஹெச் ரிலீசர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். உள்ளே ஹார்மோன் இருந்தால் தடை. இல்லையென்றால் போட்ட காசு வீண். இரண்டில் எதுவானாலும் உங்களுக்கு வேண்டாம்.

பின்பக்கத்தில் தேட வேண்டிய பெயர்கள் இவை. லேபிளில் ஆங்கிலத்தில் இருக்கும், எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.

டிஹெச்இஏ, அதன் மருத்துவப் பெயரான பிராஸ்டிரோன், 7-கீட்டோ டிஹெச்இஏ. "ஆண்ட்ரோ" என்று தொடங்குகிற அல்லது "டயால்", "டயோன்" என்று முடிகிற நீளமான ரசாயனப் பெயர்கள். எபிஆண்ட்ரோஸ்டிரோன். இவை எல்லாம் ஸ்டீராய்டு வகை. டிஹெச்இஏ நம் உடம்பிலும் சிறுநீரகத்துக்கு மேலுள்ள அட்ரீனல் சுரப்பியில் உருவாகிறது, அங்கிருந்து டெஸ்டோஸ்டிரோனாகவும் ஈஸ்ட்ரோஜனாகவும் மாறுகிறது. "உடம்பிலேயே இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" என்று சிலர் தைரியம் சொல்வார்கள். கண்டுபிடிப்பார்கள். வெளியிலிருந்து வந்த ஹார்மோனில் கார்பன் அணுக்களின் விகிதம் வேறாக இருக்கும், அதைப் பிரித்துக் காட்டும் சோதனை ஆய்வகங்களில் உண்டு.

அடுத்து, எண்களும் எழுத்துகளுமாக இருக்கும் பெயர்கள்: ஆஸ்டரின் அல்லது எம்கே-2866, எல்ஜிடி-4033, ஆர்ஏடி-140. தசையை வளர்க்க ஸ்டீராய்டு மாதிரி வேலை செய்யும் இவற்றுக்குப் பொதுப் பெயர் சார்ம்ஸ். "ஸ்டீராய்டு இல்லை, பக்க விளைவு இல்லை" என்று சொல்லி சமூக வலைத்தளங்களில் விற்கிறார்கள். தடைப்பட்டியலில் ஸ்டீராய்டு இருக்கும் அதே பிரிவில்தான் இவையும் இருக்கின்றன. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் எம்கே-677, ஈஸ்ட்ரோஜனைக் குறைப்பதாகச் சொல்லப்படும் அரிமிஸ்டேன், சகிப்புத்திறனுக்கு என்று விற்கும் கார்டரின், எடை குறைப்புப் பொடிகளில் வரும் ஹைஜினமைன் ஆகியவையும் தடைதான். ஹைஜினமைன் செடிகளில் இயற்கையாகவே இருக்கும் பொருள். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகருக்கு அதனால்தான் 21 மாதத் தடை வந்தது, 2023 ஜூலையில்தான் முடிந்தது.

"புரொப்ரைட்டரி பிளெண்ட்" என்று போட்டு, உள்ளே என்ன எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாத டப்பாவை நான் வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

சரி, இதெல்லாம் எப்படிக் கடையில் விற்கிறார்கள்? அமெரிக்காவில் டிஹெச்இஏ சட்டப்படியே சப்ளிமெண்ட்டாக விற்கலாம், சீட்டு வேண்டியதில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற லஷான் மெரிட், பெட்டிக்கடை மாதிரியான கடையில் வாங்கிய ஒரு ஆண்மை மாத்திரையில் டிஹெச்இஏ இருந்ததால் 21 மாதம் ஓட முடியாமல் போனார். அங்கிருந்து பார்சலில் வரும் டப்பாக்கள்தான் நம் ஊர் ஜிம்களுக்கும் வருகின்றன. "இம்போர்ட்டட்" என்பது தரச்சான்று இல்லை.

நம் நாட்டு விதி வேறு. 2016இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே, ஹெல்த் சப்ளிமெண்ட்டில் ஹார்மோனோ ஸ்டீராய்டோ சேர்க்கக் கூடாது என்று இருக்கிறது. ஆகவே 14 இலக்க உரிம எண்ணும் போட்டு, உள்ளே டிஹெச்இஏயும் இருக்கிற டப்பா ஒன்று கையில் கிடைத்தால், அந்த எண் போலியாக இருக்கலாம், அல்லது தயாரித்தவர் விதியை மீறியிருக்கிறார். எண் உண்மையானதா என்று உரிமம் தரும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம், ஐந்து நிமிட வேலை. ஆனால் எண் உண்மையாக இருந்தாலும் அது உணவு விற்பதற்கான உரிமம் மட்டுமே. ஊக்கமருந்து இல்லை என்பதற்கான சான்று அல்ல. விற்ற கடையில் என்னிடம் சொன்னது இந்த இடத்தில்தான் தவறு.

3. தடைப்பட்டியலோடு ஒப்பிடுங்கள்

வாடா எனப்படும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை ஒவ்வொரு வருடமும் புதுப் பட்டியல் வெளியிடும். ஜனவரி 1 அன்று அமலுக்கு வரும். இலவசமாகத் தரவிறக்கலாம். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள்.

இங்கே மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

பட்டியலில் பிராண்டு பெயர் இருக்காது, ரசாயனப் பெயர் மட்டும்தான். டப்பாவின் பெயரைத் தேடி, வரவில்லை என்று நிம்மதி அடையக் கூடாது. அதோடு, அதே மாதிரி அமைப்போ விளைவோ கொண்ட மற்றப் பொருள்களும் தடை என்று ஸ்டீராய்டு பிரிவில் எழுதியிருக்கிறார்கள். பெயர் இல்லையே என்று வாதாட முடியாது.

நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமைக்கு "நோ யுவர் மெடிசின்" என்று ஒரு செயலி இருக்கிறது. மருந்தைத் தேட நல்லது, போனில் கட்டாயம் வைத்திருங்கள். ஆனால் புரோட்டீன் டப்பாவுக்கு அது பதில் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இப்படிப்பட்ட தேடல் கருவிகள் மருந்துக்கானவை, சப்ளிமெண்ட்டுக்கு "பாதுகாப்பானது" என்று எந்த முகமையும் எழுதித் தராது.

மூன்றாவதுதான் மிகவும் ஆபத்து. "இப்போ போட்டி இல்லை, சீசனுக்கு முன்னாடி நிறுத்திட்டா போதும்" என்பார்கள். பட்டியலில் உள்ள ஹார்மோன்களும் தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளும் எல்லா நாளும் தடை. போட்டி இல்லாத நாளில் முகாமிலும் வீட்டிலும் வந்து மாதிரி எடுப்பார்கள். சில ஸ்டீராய்டுகளின் தடயம் மாதக்கணக்கில் சிறுநீரில் தங்கும்.

திருச்சிக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். முடிகண்டத்திலிருந்து புறப்பட்டுப் போய் 2019 தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் தங்கம் வாங்கிய கோமதி மாரிமுத்துவை ஊரே கொண்டாடியது. பிறகு நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு மாதிரியில் வந்ததாகச் சொல்லி நான்கு வருடத் தடை, பதக்கமும் போனது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றுதான் அவர் சொன்னார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இன்று எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

4. டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் என்றால்

பெண் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் விளையாட்டு விதி தெரிந்து மருந்து எழுதுவதில்லை. அது அவர்கள் தவறில்லை. நாம்தான் போனவுடன், "இவள் போட்டியில் ஓடுகிறாள், டோப் டெஸ்ட் உண்டு" என்று சொல்ல வேண்டும்.

பிசிஓடி எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கும் பெண்களுக்கு முகப்பருவுக்கும் தேவையற்ற முடிக்கும் ஸ்பைரோனோலாக்டோன் எழுதுவது வழக்கம். அது சிறுநீர் பெருக்கி வகை, எப்போதும் தடை. கருமுட்டை வளர எழுதும் லெட்ரோசோல், குளோமிஃபீன் இரண்டும் தடை. குழந்தைப்பேறு சிகிச்சையில் டிஹெச்இஏ மாத்திரையே எழுதுகிறார்கள், திருமணமான வீராங்கனைகள் கவனிக்க. மெட்ஃபார்மினுக்குத் தடை இல்லை. தைராய்டு மாத்திரையான தைராக்சினுக்கும் இல்லை. இன்சுலினுக்கு உண்டு, சர்க்கரை நோய் உள்ளவர்கள் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும்.

மாதவிடாயைத் தள்ளிப்போட நம் வீடுகளில் சாதாரணமாகப் போடும் நோரெத்திஸ்டிரோன் மாத்திரைக்குத் தடை இல்லை. ஆனால் அது உடம்பில் மாறும்போது, நான்ட்ரோலோனைச் சோதிக்கத் தேடும் அதே தடயம் மிகச் சிறிய அளவில் வரக்கூடும். ஆய்வகங்களுக்கு இது தெரியும். இருந்தாலும் சோதனைப் படிவத்தில் இந்த மாத்திரையைக் கூச்சப்படாமல் எழுதச் சொல்லுங்கள். எங்கள் மகள் ஆண் அதிகாரி முன்னால் எழுத வெட்கப்பட்டு விட்டுவிடுவேன் என்றாள். அதற்காகவே அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினேன்.

இருமல் சிரப்பும் அப்படித்தான். கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு 2019இல் எட்டு மாதத் தடை வந்தது டெர்பியூட்டலின் என்ற தடைப்பொருள் கலந்த சிரப்பால்.

தடை உள்ள மருந்தைத் தவிர வேறு வழி இல்லை என்றால் டி.யு.இ. எனப்படும் மருத்துவ விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய அளவில் ஆடுபவர் நாடாவிடம், சர்வதேச அளவில் ஆடுபவர் தன் விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பிடம். வேண்டிய தாள்கள்: டாக்டர் கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவம், நோயின் வரலாறு, ரத்தப் பரிசோதனை மற்றும் ஸ்கேன் முடிவுகள், மருந்தின் அளவும் எத்தனை நாள் என்பதும், தடை இல்லாத மாற்று மருந்து ஏன் சரிப்படாது என்ற விளக்கம். கடைசித் தாள் இல்லாமல்தான் பல விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன என்று எனக்கு உதவிய டாக்டர் சொன்னார். போட்டிக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அனுப்ப வேண்டும். நான் 45 நாள் என்று வைத்துக்கொள்வேன், டாக்டரிடம் கையெழுத்து வாங்கவே ஒரு வாரம் போய்விடும். அவசர சிகிச்சையாக இல்லாவிட்டால், அனுமதி கடிதம் கைக்கு வரும்வரை மருந்தைத் தொடங்கக் கூடாது. சோர்வாக இருக்கிறது, ஹார்மோன் கொஞ்சம் குறைவு என்பதற்கெல்லாம் விலக்கு கிடைக்காது.

5. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

முதலில் வாங்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம். 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். பால், சுண்டல், மீன் சேர்த்தால் 17 வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் போதும். விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணரிடம் ஒருமுறை போய் வந்தோம். அதற்குக் கொடுத்த பணம் ஒரு டப்பாவின் விலையைவிடக் குறைவு. வீட்டிலிருந்த பதினான்கில் ஒன்பது பொருள் அன்றே தேவையற்றதாகிவிட்டன.

இடையில் ஒன்று: சீம்பால் கேப்சூல் என்று ஒன்று விற்கிறார்கள். தடை செய்யப்பட்டது அல்ல, ஆனால் அதில் இயற்கையாகவே வளர்ச்சிக் காரணிகள் இருப்பதால் வேண்டாம் என்று வாடா அறிவுறுத்துகிறது.

ஹார்மோன் இல்லாத சாதாரண டப்பாவிலும் ஆபத்து இருக்கிறது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமெண்ட்டுகளைச் சோதித்தது. எல்லாமே ஹார்மோன் கலக்காதவை என்று விற்கப்பட்டவை. 94இல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு இருந்தது. ஒரே தொழிற்சாலையில் ஒரே கலவை இயந்திரத்தில் ஹார்மோன் பொடியும் புரதப் பொடியும் ஓடினால், கழுவியும் போகாத தூசி போதும் பிடிபட.

அதனால் வாங்குவதானால், ஒவ்வொரு பேட்சையும் தனியாகச் சோதிக்கும் சான்று உள்ளதை வாங்குங்கள். இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட், என்.எஸ்.எஃப். சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் இரண்டும் தெரிந்த பெயர்கள். டப்பாவில் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சான்று தரும் நிறுவனத்தின் தளத்தில் போய், உங்கள் கையில் இருக்கும் டப்பாவின் பேட்ச் எண் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பிராண்டில் வெனிலாவுக்குச் சான்று இருந்து சாக்லேட்டுக்கு இல்லாமல் இருக்கலாம். நாங்கள் வாங்கும் ஒரு கிலோ வே புரோட்டீன் இந்தச் சான்றுக்காகவே ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கூடுதல். கொடுக்க மனம் வராது. கொடுங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். சீல் உடைந்ததை, கவரில் பிரித்துக் கட்டியதை, தள்ளுபடி என்று வலைத்தளக் குழுவில் வருவதைத் தொடாதீர்கள். அடுத்தவர் ஷேக்கரில் குடிக்காதே என்று பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். சான்று ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது.

6. ஒரு கோப்பு, ஒரு அட்டைப்பெட்டி

சாதாரண ஃபைல் ஒன்று போதும். அதில் ஒவ்வொரு பொருளின் பில், போட்டோ, சான்றுத் தளத்தில் பேட்ச் எண் தேடிய பக்கத்தின் அச்சு, யார் பரிந்துரைத்தார்கள், எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடித்தது எல்லாம் இருக்கட்டும். கோச் கொடுத்தால் வாட்ஸ்அப்பில், "சார், நீங்கள் இன்று கொடுத்த இந்தப் பொருள்" என்று போட்டோவோடு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். சண்டைக்காக அல்ல, பதிவுக்காக.

அட்டைப்பெட்டி எதற்கென்றால், டப்பா காலியாகும் முன் இரண்டு மூன்று ஸ்கூப்பை அதே டப்பாவில் விட்டு மூடி வைக்க. முடிந்தால் அதே பேட்சில் சீல் உடைக்காத இன்னொன்றும். கலப்படம்தான் காரணம் என்று நிரூபிக்க வேண்டி வந்தால், திறந்த டப்பாவை யாரும் அவ்வளவு நம்பமாட்டார்கள். சீல் உடைக்காத டப்பாவில் அதே பொருள் இருந்தால்தான் வாதம் நிற்கும்.

7. சோதனைக்கு அழைத்தால்

பயப்பட ஒன்றுமில்லை. அறிவிப்பில் கையெழுத்து வாங்கியதிலிருந்து சோதனை முடியும்வரை ஒருவர் கூடவே இருப்பார். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைக்க உரிமை உண்டு, கட்டாயம் அழையுங்கள். சீல் உடைக்காத தண்ணீரை மட்டும் குடிக்கச் சொல்லுங்கள். சிறுநீர் குறைந்தது 90 மி.லி. வேண்டும். அளவுக்கு மேல் தண்ணீர் குடித்தால் மாதிரி நீர்த்துப்போய் மறுபடி கொடுக்க வேண்டிவரும், இரவு பத்து மணிவரை உட்கார்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் கடந்த 7 நாளில் எடுத்த மருந்து, சப்ளிமெண்ட் எல்லாவற்றையும் எழுத வேண்டும். அந்தப் பதற்றத்தில் பெயர் ஞாபகம் வராது. பட்டியலை ஒரு தாளில் எழுதி ஸ்பைக்ஸ் பையில் வைத்துவிடுங்கள். நகல் கொடுப்பார்கள், ஃபைலில் வையுங்கள். மாதிரியைப் பத்து வருடம்வரை சேமித்து வைத்து மறுபடி சோதிக்க விதி இருக்கிறது.

8. கடிதம் வந்துவிட்டால்

எங்களுக்கு இது நடக்கவில்லை. ஆனால் 2022இல் மட்டும் இந்தியாவில் சோதித்த 3,865 மாதிரிகளில் 125இல் தடைப்பொருள் இருந்தது. எனவே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்டீராய்டு வகை என்றால் உடனே தற்காலிகத் தடை வரும். பி மாதிரியை, அதாவது அன்று எடுத்த சிறுநீரில் தனியாக சீல் வைத்த இரண்டாவது குப்பியைச் சோதிக்கக் கேட்கலாம், கட்டணம் பெரும்பாலும் விளையாடுகிறவர் தலையில்தான். குற்றச்சாட்டு அறிவிப்பு வந்த 20 நாளுக்குள் ஒப்புக்கொண்டு தண்டனையை ஏற்றால், நான்கு வருடத்தில் ஒரு வருடம் குறையும். ஆனால் கலப்படம் என்று உறுதியாக நம்பினால் அவசரப்பட்டு எழுதிக் கொடுக்காதீர்கள், முதல் நாளே விளையாட்டுச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள். கலப்படத்தை நிரூபித்து, பெரிய அலட்சியம் இல்லை என்றும் காட்டினால் தண்டனை எச்சரிக்கையிலிருந்து இரண்டு வருடத்துக்குள் முடியும். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், பெரிய போட்டி அனுபவம் இல்லாத 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் தனிச் சலுகை உண்டு.

"கோச் கொடுத்தார்" என்பது மட்டும் காப்பாற்றாது. 2011இல் நம் தொடர் ஓட்ட வீராங்கனைகள் பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்கில்தான் ஸ்டீராய்டு இருந்தது என்றார்கள். இங்கே ஒரு வருடத் தடை கிடைத்தது. வழக்கு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனபோது, டப்பாவைச் சரிபார்க்கவில்லை என்று சொல்லி அது இரண்டு வருடமாகக் கூடியது.

கடிதத்தைப் பார்த்ததும் கோபத்தில் டப்பாவைக் குப்பையில் போடுவார்கள். போடாதீர்கள். அப்படியே மூடி, ஒரு கவரில் கட்டி, தேதி எழுதி, குழந்தைகள் கை படாத இடத்தில் வைத்துவிட்டு வக்கீலுக்குப் போன் செய்யுங்கள்.